வெட்டி வெட்டிக் கெட்ட பேக்ஹேண்ட் ஸ்லைஸ்: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

டென்னிஸில் பேக்ஹேண்ட் ஸ்லைஸ், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டுத் தாழ்வாக அனுப்பும் அடி, பழக நினைக்கும் நண்பர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பந்தை மேலிருந்து கீழாக வெட்டினால் போதும், பின்சுழற்சி தானாக வந்துவிடும் என்று எந்தப் பயிற்றுநர் சொன்னாலும் அவரிடம் மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில் ஒரு பருவம் முழுவதும் எனக்குக் கிடைத்த அறிவுரை அது ஒன்றுதான். பந்து உயரே மிதந்து எதிராளியின் தோளுக்கு வாகாகப் போய் விழுந்தபோதும் இன்னும் வெட்டச் சொன்னார்கள். வலையின் அடியில் போய்ச் செருகிக்கொண்டபோதும் இன்னும் வெட்டச் சொன்னார்கள். நேர்மாறான இரண்டு கோளாறுகளுக்கு ஒரே மருந்து எப்படிப் பொருந்தும் என்று கேட்டதற்கு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற பதில்தான் வந்தது. சரியாகவில்லை, முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்ததுதான் மிச்சம். அங்கே போன பணத்தையும் மாலைப் பொழுதுகளையும் நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் இரு கையால் பேக்ஹேண்ட் ஆடுபவன். அகலமாக வரும் பந்துக்கும் காலடியில் தாழ்ந்து வரும் பந்துக்கும் இரண்டாவது கை எட்டாது என்பதால் ஸ்லைஸைத் தேடிப் போனேன். இரு கை ஆட்டக்காரர்களுக்கு அது ஒத்துவராது என்று அதே நிலையத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி பேக்ஹேண்டை இரு கையால் ஓங்கி அடித்தவர்தான். ஆனால் 2021இல் விம்பிள்டனையும் 2022இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் அவர் வென்ற ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒற்றைக் கையால் தரையோடு தரையாக அவர் அனுப்பிய ஸ்லைஸ் அவருக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்பது தெரியும்.

கோளாறு பிடியிலேயே தொடங்கியிருந்தது. மட்டையின் கைப்பிடியில் உள்ள எட்டு முகங்களில், வலக்கை ஆட்டக்காரருக்கு, உச்சி முகத்தை அடுத்து வலப்புறம் சரிந்திருக்கும் முகத்தில் ஆள்காட்டி விரலின் அடிமுட்டி அமர வேண்டும். சர்வுக்கும், பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கும் பிடிக்கிற அதே கான்டினென்டல் பிடிதான் இது. என் கையோ, மட்டை பிடித்த கைப்பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டுக்குரிய ஈஸ்டர்ன் பிடியிலேயே இருந்தது. அந்தப் பிடியில் பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் மட்டையின் முகம் தானாகவே வானத்தைப் பார்க்கத் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக இறக்கினாலும் பந்து மிதக்கத்தான் செய்யும். பயிற்றுநர் வலைக்கு அப்பால் நின்று கூடையிலிருந்த பந்துகளைத் தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்து என் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. நீங்கள் யாரிடம் பழகினாலும் முதல் வகுப்பிலேயே பிடியைக் கையால் தொட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பார்க்காதவரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டாம்.

இதற்கிடையில் மின்வெட்டின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. 2023ஆம் ஆண்டு இங்கே லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்ததை இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. டர்பனில் ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுவதால், வேலை முடிந்து போகிறவனுக்கு விளக்கு எரிந்தால்தான் ஆட்டம். மின்சாரம் நின்ற மாலைகளில் நிலையத்தின் வாயில் பூட்டிக் கிடந்தது. காவலாளிக்கு விவரம் ஏதும் தெரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டால், ஒரு நாள் முன்னதாக நான் வகுப்பை ரத்து செய்யவில்லை என்பதால் அந்த மணிநேரம் என் கணக்கில் கழிந்துவிட்டது என்றார்கள். கதவைப் பூட்டியவர்கள் அவர்கள், கணக்கில் கழிந்தது என் பணம்.

வலிக்காக நான் பார்த்த இயன்மருத்துவர்தான் முதன்முதலாகப் பயனுள்ள கேள்வி ஒன்றைக் கேட்டார்: பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்கிறீர்களா, கடந்துபோன பிறகு எட்டிப் பிடிக்கிறீர்களா? எனக்குப் பதில் தெரியவில்லை. காணொளி எடுக்கப் பயிற்சி நிலையத்தில் அனுமதி மறுத்துவிட்டதால், மாநகராட்சிக் கோர்ட் ஒன்றுக்குப் போனோம். அக்கா மகன் கைபேசியை வேலிக் கம்பியில் பட்டையால் கட்டி, நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கத்தில் பதிவு செய்தான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். பந்து மட்டையின் நரம்புகளைத் தொடும் கணத்தில் என் மார்பு முழுவதும் வலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இடக்கை முன்புறமாக வீசப்பட்டு வயிற்றுக்கு எதிரே தொங்கியது. மட்டையோ முன்காலைத் தாண்டிப் பின்னால், பந்துக்கு அடியில், தட்டையாகக் கிடந்தது. அடுத்த சில படங்களில் மட்டையின் தலை என் இடது முழங்காலுக்கு அருகே தரையைக் குத்த இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை காலம் சொல்லப்பட்ட அறிவுரையை நான் அப்படியே நிறைவேற்றியிருந்தேன் என்பது அந்தத் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

வழி பிறந்தது டர்பனில் நான் வசிக்கும் சாட்ஸ்வர்த் பகுதியில். எங்கள் தெருவில் எல்லோரும் அத்தை என்று அழைக்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல கோர்ட்டுகள் வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த காலத்தில், பள்ளிச் சுவரை எதிராளியாக வைத்து ஆடிப் பழகியவர். 1974இல் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுடன் இந்தியா ஆட மறுத்ததையும், அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அந்த அணி கோப்பையையே விட்டுக்கொடுத்ததையும் நேற்று நடந்ததுபோல் பெருமையோடு சொல்வார். காணொளியைப் பார்த்தவுடன் அவர் மட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று என் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்தக் கை என்கிட்டேயே இருக்கட்டும். நீ இப்ப அடி.”

“தோள் திரும்பவே மாட்டேங்குதே, அத்தை.”

“திரும்பக் கூடாதுன்னுதானே பிடிச்சிருக்கேன்.”

அக்கா மகன் மெதுவாகப் போட்ட பந்தை அந்த நிலையிலேயே அடித்தேன். இடக்கை பின்னால் பிடிபட்டிருந்ததால் மார்பு பக்கவாட்டிலேயே நின்றது. வலக்கை போவதற்கு முன்னால் மட்டுமே வழி இருந்தது. மேசையில் சிந்திய நீரைப் புறங்கையால் எதிர்முனைக்குத் தள்ளுவதுபோல் மட்டை பந்தோடு சேர்ந்து முன்னே நகர்ந்தது. பந்து வலைக்கு மேலே ஒட்டினாற்போல் போய், விழுந்த இடத்தில் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு சுவரில் மோதியது. பருவம் முழுவதும் கேளாத அந்தச் சத்தத்தை, நரம்புகள் பந்தைச் சீவும் அந்த ஒலியை, அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு எனக்குப் புரிந்ததை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மட்டை உயரத்திலிருந்து இறங்குவது உண்மை. ஆனால் அந்த இறக்கம் மிகவும் சாய்வானது. தயாராகும்போது இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்துத் தோளுக்கு மேலே கொண்டுபோக, முகவாய் வலத் தோளைத் தொடும் அளவுக்கு உடம்பு திரும்ப வேண்டும். மணிக்கட்டைவிட மட்டையின் தலை உயர்ந்திருக்க வேண்டும். பந்தைச் சந்திக்கும் இடம் முன்காலுக்குச் சற்று முன்னால். அப்போது மட்டையின் முகம் கொஞ்சமே திறந்திருந்தால் போதும். உடல் எடை முன்காலில் இறங்கிய பிறகு மட்டை இலக்கை நோக்கி நெடுந்தூரம் போகிறது. அதே வேளையில் இடக்கை பின்னால் நீண்டு தோள்களை அடைத்து வைக்கிறது. மணிக்கட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

செங்குத்தாக வெட்டினால் என்ன ஆகிறது என்றால், சுழற்சி நிறையக் கிடைக்கிறது, வேகம் கிடைப்பதில்லை. பின்சுழற்சி பந்தைக் காற்றில் மேல்நோக்கித் தாங்குவதால் வேகமில்லாத பந்து மிதந்து மிதந்து போய், செங்குத்தான கோணத்தில் விழுந்து, எதிராளிக்கு எதிரே எழும்பி நிற்கிறது. முன்னோக்கித் தள்ளிய பந்து தாழ்வான கோணத்தில் வந்து தரையில் வழுக்குகிறது; அதனால்தான் அது எழும்புவதில்லை. ஸ்லைஸ் தாழ்ந்து நிற்பதற்குச் சுழற்சி மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் இந்தக் கோணத்தை மறந்துவிடுகிறார்கள்.

செலவில்லாத பயிற்சி ஒன்று எனக்கு மிகவும் உதவியது. வலைக் கம்பங்களில் நீளமான மூங்கில் குச்சிகளைக் கட்டி, வலைக்கு மேலே ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர், அதற்கும் கயிற்றுக்கும் இடையில் பந்து போக வேண்டும், எதிர்ப்புறத்தில் வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையில் உள்ள சர்வீஸ் கோட்டைத் தாண்டியும் விழ வேண்டும். வெட்டிய பந்து கயிற்றுக்கு மேலே போகும் அல்லது வலையில் விழும். தள்ளிய பந்துதான் அந்த இடைவெளியில் நுழையும். கயிறு பொய் சொல்லாது. எந்தப் பயிற்றுநரும் அருகில் இல்லாமலேயே எனக்குத் தவறைக் காட்டியது அதுதான். கோர்ட் இல்லாதவர்கள் வீட்டில் கண்ணாடிக்கு முன் இடக்கையைக் கதவுப் பிடியில் வைத்துக்கொண்டு வெறும் அசைவைப் பழகலாம்.

இவ்வளவு கைகூடிய பிறகு ஒரு பயணம் வீணானது. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் நண்பர்கள் ஆட அழைத்தார்கள் என்று என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். டர்பனில் வாங்கிய பந்துகளையும் பெருமையாக எடுத்துப் போனேன். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்தின் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. கடற்கரை ஊரில் உள்ளே விழுந்த அதே ஸ்லைஸ் அங்கே பின்கோட்டைத் தாண்டிப் போனது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் சாதாரண அழுத்தப் பந்துகள் துள்ளிக் குதித்து என் தோளுக்கு வந்தன. 1,219 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களுக்கென்றே உயர்நிலப் பந்துகள் தனியாக உண்டு. அழைத்த நண்பர்களோ அங்கேயே வாழ்வதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. டர்பனிலிருந்து மேலே போகிறவர்கள் பந்தை அங்கேயே, டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நரம்பின் இறுக்கத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். தோள் உயரத்தில் வரும் பந்துக்கு முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நின்று, கோட்டுக்கு நன்றாக உள்ளே குறிவையுங்கள்.

டர்பனில் வேறு வகைச் சோதனை. கோடையில் ஈரக்காற்றில் கைப்பிடி வழுக்கி, கான்டினென்டல் பிடி நமக்குத் தெரியாமலே நழுவிவிடும். ஆட்ட இடைவெளிகளில் பிடியைப் பார்த்துக்கொள்வது நல்லது. வடகிழக்குக் காற்று வலுக்கும் பிற்பகல்களில், எதிர்க்காற்றில் ஆடும் ஸ்லைஸ் இன்னும் மிதக்கும் என்பதால் மட்டையின் முகத்தை மேலும் மூடிப் பிடிக்க வேண்டும்.

பலன் ஒரு நட்பு ஆட்டத்தில் கிடைத்தது. உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் இருக்கும் வெஸ்டர்ன் பிடியில் பந்தைத் தோளுக்கு மேல் எழும்பவைத்து எப்போதும் என்னைத் தோற்கடிக்கும் இளைஞர் ஒருவரின் ஃபோர்ஹேண்டுக்கே ஸ்லைஸை அனுப்பினேன். அந்தப் பிடிக்குத் தாழ்ந்த பந்து ஆகாது. முழங்கால் அளவுக்குக் கீழே வழுக்கிய பந்தைத் தூக்க முடியாமல் அவர் வலையில் அடித்தார். மறுபடியும் அதே பக்கம், மறுபடியும் வலை. வென்றேன். வேலியோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அத்தை கைதட்டியது எனக்கு அந்த வெற்றியைவிடப் பெரிதாக இருந்தது.

பணத்தையும் விடவில்லை. பயன்படுத்தாத மணிநேரங்கள் மாத முடிவில் காலாவதியாகும் என்று நிலையம் சொன்னது. இந்நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, முன்பணம் செலுத்திப் பெறும் கிரெடிட், வவுச்சர் போன்றவை மூன்று ஆண்டுகள் வரை செல்லும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு, வாயில் பூட்டியிருந்த மாலைகளின் தேதிகளையும் நான் எடுத்த புகைப்படங்களையும் இணைத்து எழுத்து மூலம் கேட்டேன். நேரில் கேட்டபோதெல்லாம் கையை விரித்தவர்கள், கடிதத்துக்குப் பிறகு அந்த மணிநேரங்களைத் திரும்ப என் கணக்கில் சேர்த்தார்கள். அவற்றை இப்போது பந்து போடுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்: எங்கே, எந்த உயரத்தில் போட வேண்டும் என்று நான் சொல்கிறேன், பயிற்றுநர் அப்படியே போடுகிறார். ஓடிக்கொண்டே ஆடும் ஸ்லைஸுக்கு அந்தக் கூடைப் பந்துகள் நன்றாகவே உதவுகின்றன.