கரைவலைக் கட்டுரை: வாக்கியத்தின் வாலை மாற்றிப் பார்த்த அனுபவம்

கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிக்கும் கரைவலைத் தொழில் பற்றி நான் எழுதிவரும் கட்டுரை ஒருவழியாகப் பேசத் தொடங்கிவிட்டது. தகவலில் முதலிலிருந்தே குறை இல்லை. வாசித்துப் பார்த்தால்தான் ஏதோ அலுவலக ஆண்டறிக்கையைக் கேட்பது போல இருந்தது. இப்போது திருகோணமலை உப்புவெளிக் கரையில் வலை இழுப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினால் பாதியிலேயே மறித்து, "அப்பிடியில்லை தம்பி, கயிறு அந்தப் பக்கம் நிக்கும்" என்று திருத்த வருகிறார்கள். முந்தைய வடிவத்துக்கு "நல்லா இருக்கு" என்பதோடு சரி. மறித்துத் திருத்த ஆள் வருகிறது என்றால் எழுத்து காதுக்குள் போயிருக்கிறது. இதைவிட நல்ல சோதனை வேறு இல்லை.

மாற்றியது பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான்: வாக்கியத்தின் வாலை.

சொந்த நடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் சொல்வளம், உவமை, கவர்ச்சியான தலைப்பு என்று போவார்கள். தமிழில் அது வினைமுற்றில் இருக்கிறது. காணப்படுகிறது, இடம்பெற்றது, மேற்கொள்ளப்படுகிறது, அமைந்துள்ளது, விளங்குகிறது, ஆகும்: இந்த வால்கள் நம் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைச் செய்தியும் அலுவலகக் கடிதமும் பாடப்புத்தகமும் சேர்ந்து கையில் ஏற்றிவிட்டவை. கோணேசர் கோயில் பற்றி எழுதினாலும் சந்தை மீன் விலை பற்றி எழுதினாலும் கை தானாக அங்கே போய் முடிக்கும். யார் எழுதியது என்று பெயரை மறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

"வலை இழுக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்படுகிறது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இழுப்பது யார்? ஒருவரா, இருபது பேரா? எழுதுகிறவர் எங்கே நிற்கிறார்? ஒன்றும் இல்லை. தமிழ் வினைமுற்று இவ்வளவையும் ஒரே சொல்லில் சுமக்கக் கூடியது. இழுக்கிறான், இழுக்கிறார், இழுக்கிறார்கள், இழுக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஆள், எண்ணிக்கை, மரியாதை, எழுதுகிறவருக்கும் அவர்களுக்கும் இடையிலான தூரம் எல்லாம் வந்துவிடுகிறது. "இழுக்கிறோம்" என்று எழுதினால் எழுதியவர் கையிலும் கயிறு இருந்திருக்க வேண்டும். இல்லாதவர் அப்படி எழுதக்கூடாது. உண்மையான குரல் என்று நாம் பேசுவதெல்லாம் என் கணக்கில் இந்த ஒரு விகுதியைச் சரியாகப் போடுவதில்தான் தொடங்குகிறது.

செய்முறை இதுதான். முதல் வரைவு முடியும்வரை எதையும் திருத்துவதில்லை. முடிந்ததும் தேடல் பெட்டியில் முழுச்சொல்லைப் போடாமல் துண்டைப் போட வேண்டும். "படுகி" என்று போட்டால் காணப்படுகிறது, இழுக்கப்படுகின்றன எல்லாம் ஒரே வலையில் விழும். அடுத்து "ப்பட்ட", "உள்ள", "துள்ள" (அமைந்துள்ளது இதில்தான் விழும்), "மேற்கொ", "இடம்பெற", "ஆகும்". ("உள்ள" என்பதில் உள்ளம், உள்ளங்கை எல்லாம் சேர்ந்து வரும், பார்த்துத் தள்ளுங்கள்.) அகப்பட்டதற்கெல்லாம் மஞ்சள் பூசி, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இது கண்டதா, கேட்டதா?

கண்டதென்றால் செய்கிறவரை எழுவாயாக்கி நேரடி வினை. கேட்டதென்றால் "ஆம்" சேர்க்கலாம்: "முன்பெல்லாம் விடிய விடிய இழுப்பார்களாம்." அந்தச் சின்ன விகுதி எழுதுகிறவரின் நேர்மையைக் காப்பாற்றிவிடும். "எனக் கூறப்படுகிறது" என்று நீட்டத் தேவையில்லை. கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை, எங்கேயோ வாசித்தது என்றால் பெரும்பாலும் அந்த வாக்கியமே வேண்டியதில்லை. திருகோணமலை பற்றிய கட்டுரைகளின் முதல் பந்தி பாதி இப்படித்தான் கழன்று விழும். பாடல் பெற்ற தலம், இயற்கைத் துறைமுகம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வருவது வாசகருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

செயப்பாட்டு வினையை முழுக்கத் துரத்த வேண்டும் என்று சொல்லவில்லை. "கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது" என்பதில் திறந்த ஆள் யார் என்பது பந்திக்கு முக்கியமில்லை, இருக்கட்டும். ஆனால் "கோணேசர் கோயில் 1622இல் இடிக்கப்பட்டது" என்று எழுதுவது வேறு. இடித்தவர்கள் போர்த்துக்கேயர். பெயர் தெரிந்திருந்தும் வினைமுற்றுக்குப் பின்னால் அவர்களை ஒளிக்கக் காரணம் இல்லை. 600 சொல் கட்டுரையில் நான்கைந்துக்கு மேல் மஞ்சள் மிஞ்சினால் அது இன்னும் வேகவில்லை.

இங்கேதான் அடுத்த தலையிடி. வால்களை எல்லாம் வெட்டி நேரடி வினை போட்டதும் வாக்கியம் எல்லாம் "கிறார்கள், கிறார்கள், கிறார்கள்" என்று ஒரே சந்தத்தில் முடியத் தொடங்கும். ஆண்டறிக்கை போய் வாய்ப்பாடு வந்துவிடும். இதில்தான் அதிக நேரம் போகிறது, போகவும் வேண்டும். இதற்கு மூன்று வழி கைகொடுக்கும். முதலாவது, வினையே இல்லாத வாக்கியம். "ஒரு கயிற்று நுனி கரையில்." தமிழுக்கு இது இயல்பு, குறை வாக்கியம் இல்லை. இரண்டாவது, வினையெச்சத்தைக் கோத்து மூன்று நான்கு செயலுக்கு ஒரே முற்று: "காலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள்." நான்குக்கு மேல் கோத்தால் முதல் செயல் மறந்துவிடும். மூன்றாவது, பேச்சில் வருவது போல முற்றை முன்னுக்குக் கொண்டுவருவது: "வரும், மடி கடைசியில்தான்." (மடி என்பது வலையில் மீன் சேரும் பை.) இது காரம், ஒரு பந்தியில் ஒன்றுக்கு மேல் போட்டால் மேடைப்பேச்சு ஆகிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு பந்தி. முன்பு இருந்தது: "கரைவலை மீன்பிடியானது திருகோணமலைக் கரையோரப் பகுதிகளில் பாரம்பரியமாக மேற்கொள்ளப்பட்டு வரும் ஒரு தொழிலாகக் காணப்படுகின்றது. இதில் வலையானது வள்ளத்தின் மூலம் கடலில் இடப்பட்டு இரு பக்கங்களிலிருந்தும் இழுக்கப்படுகின்றது."

இப்போது இருப்பது: "ஒரு கயிற்று நுனி கரையில். மறு கயிறும் வலையும் வள்ளத்தில். வள்ளம் கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே வளைந்து, தள்ளி ஓரிடத்தில் கரைசேர்கிறது. இனி இரண்டு அணி. தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கியவர்கள் வலை நெருங்க நெருங்கப் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். மடி கடைசியில்தான் கரையேறும். அதுவரை உள்ளே என்ன கிடக்கிறதென்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தெரியாது."

சொல் கூடியிருக்கிறது, ஆனால் வாசிக்க இலகுவாக இருக்கிறது. "பாரம்பரியம்" என்ற சொல் போனதில் எந்த நட்டமும் இல்லை.

இந்த வினைகள் மேசையில் இருந்து யோசித்தால் வராது. தொழில் செய்கிறவரிடம் "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்காதீர்கள். பெயர்ச்சொல் மட்டும் கிடைக்கும், அதைக் கட்டுரையில் வரிசையாக அடுக்கிவைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. "பிறகு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் திரும்ப "பிறகு?" அவ்வளவுதான். வினை ஒன்றன்பின் ஒன்றாக, சரியான வரிசையில், அவருடைய வாயாலேயே வரும். கற்பனை வறண்டுவிட்டது, எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்கிறவர்களுக்கு என் பதிலும் இதுதான். பொருளைத் தேடி அலைய வேண்டாம், வேலை நடக்கும் இடத்துக்குப் போய் "பிறகு?" கேளுங்கள். பொருள் சிறிதாக இருப்பது நல்லது. "திருகோணமலையின் சுற்றுலாத் தலங்கள்" என்று தொடங்கினால் யாரும் எழுதும் அதே கட்டுரைதான் வரும். "கன்னியாவில் வாளியால் அள்ளிக் குளிப்பது" என்று சுருக்கினால் அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் சூடு ஒரே அளவில் இல்லை என்பதும், அடி தெரியும் தெளிந்த நீரில் வாளியை எப்படிச் சாய்த்து மொள்ள வேண்டும் என்பதும் தானாக உள்ளே வந்துவிடும்.

பேச்சைக் கொப்பியில் எழுதி எடுத்தால் எழுதும்போதே நம் கை அதை எழுத்துத் தமிழாக்கிவிடுகிறது. ஆகவே ஒலிப்பதிவு அவசியம். கடற்கரையில் காற்றுத்தான் எதிரி. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். காலை 8 மணிக்கு முன் எடுத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. போனின் மைக் ஓட்டையை வாயால் மறைக்கிற மாதிரிக் கிட்டப் பிடிக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளி, நம் முதுகு காற்றுக்கு, பேசுகிறவர் நமக்கு நேரே. கொலர் மைக் வாங்குவதென்றால் பிளக்கைப் பார்த்து வாங்குங்கள்: போனுக்கு உரியதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கமராவுக்கு உரியதில் இரண்டு. இரண்டு வளைய மைக்கைப் போனில் குத்தினால் போன் தன் சொந்த மைக்கிலேயே எடுத்துக்கொண்டிருக்கும், வீட்டுக்கு வந்துதான் தெரியும். டவுன் கடைகளில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டால் "எல்லாத்துக்கும் வேலை செய்யும்" என்பார்கள். வளையத்தை எண்ணுங்கள். ஸ்பொஞ்ச் மூடி மெல்லிய காற்றுக்கு மட்டும். கரைக்கு ரோமம் வைத்த உறை வேண்டும். மோனோ, 64 கிலோபிட் எம்பி3 பேச்சுக்குத் தாராளம்; ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும்.

கொப்பியையும் விட்டுவிடாதீர்கள். 80 பக்க சி.ஆர். கொப்பியும் பென்சிலும். சில பேனைகளின் மை உப்புத்தண்ணீர் பட்டால் பரவும். கொப்பியில் பேச்சை எழுதுவதில்லை, கண்ணுக்குப் பட்டதையும் நேரத்தையும் மட்டும்: 7.10, கயிறு நனைந்து கறுத்தது, 7.25, காகம் முந்தி வந்தது. பிறகு ஒலிப்பதிவோடு பொருத்த அந்த நேரம் உதவும்.

எழுத்தாக்கும்போது வேகத்தை 0.75க்கு இறக்கிக் கேட்டுத் தட்டச்சு செய்வதே சிறந்தது. குரல் தட்டச்சில் தமிழுக்கு இலங்கை என்ற தனித் தெரிவு உண்டு, அதைப் போட்டுத்தான் முயல வேண்டும். ஆனாலும் தொழிற்சொல்லும் ஊர்ப்பெயரும் வரும் இடத்தில் அதை நம்பி விட முடியாது, முற்றுப்புள்ளியையும் நாமே வைக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு ஏறக்குறைய 400 முதல் 500 சொல் வரும். அதில் "அது வந்து", "என்ன செய்யிறது" எல்லாம் கழிக்கலாம். "இழுத்து இழுத்து", "நெருங்க நெருங்க" என்ற இரட்டைகளைக் கழிக்காதீர்கள், தாளம் அதில்தான் இருக்கிறது.

பேச்சுத் தமிழ் எவ்வளவு விடலாம் என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. மேற்கோளுக்குள் முழுக்க அவர்கள் பேச்சு. வெளியே எழுத்துத் தமிழ், ஆனால் நம் ஊர்ச் சொற்களோடு. தேத்தண்ணி, கேத்தல், வாடி, வள்ளம் எல்லாம் விளக்கமின்றி அப்படியே நிற்கட்டும். வெளியூர் வாசகர் இடம் பார்த்து விளங்கிக்கொள்வார். யூடியூப் பார்த்துப் பழகிய சென்னைத் தமிழை நம் கரையில் நிற்பவர் வாயில் வைப்பதுதான் பெரிய கெடுதல். நம் மாவட்டத்துக்குள்ளேயே டவுனில் "அண்ணா" என்பவரைக் கிண்ணியாப் பக்கம் "காக்கா" என்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பொதுத் தமிழ் போட்டால் இரண்டு பேரும் அங்கே இல்லாமல் போகிறார்கள்.

கடைசியில் வாய்விட்டு வாசிப்பு. மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு. பெரும்பாலும் அங்கே பெயரெச்சம் வரிசை கட்டி நிற்கும்: "வலை இழுத்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணின் கையிலிருந்த கேத்தல்." மூன்று எச்சத்துக்குப் பிறகு கேத்தல் வருகிறது, அதற்குள் ஆறிவிடும். "பெண் ஒருத்தி தேத்தண்ணி கொண்டு வந்தாள். கையில் கேத்தல்" என்று உடைத்தால் போதும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இடையில் ஆங்கில எழுத்தில் ஏதாவது இருந்தால் மாற்றும் செயலி அதையும் தமிழாக்கிக் கந்தலாக்கிவிடும், முதலிலேயே அவற்றை எடுத்து வேறாக வையுங்கள். மாற்றிய பின் "கௌ" எல்லாம் "கெ"யும் "ள"வுமாக உடைந்து நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும், தேடினால் அகப்படாது. மேலே சொன்ன துண்டுத் தேடலுக்கு இது முக்கியம்.

அடுத்ததாகக் கிண்ணியாப் பாதை (பாலத்துக்கு முன் அக்கரை சேர்த்த மிதவை) பற்றி எழுத எண்ணம். 396 மீட்டர் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாதையில் ஏறி இறங்குவது எப்படியென்றே தெரியாது. ஏற்றுவது, இறக்குவது, கட்டுவது, அவிழ்ப்பது என்று அந்த வேலைக்கு உரிய வினைகள் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தம்பலகாமத்து வெள்ளாமைச் சொற்களும் பட்டியலில் உண்டு, அது அறுவடை பார்த்து.

அதற்கு முன் கரைவலையில் ஒரு பந்தி பாக்கி. உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) பூட்டி இழுக்கும் கரையில், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு இல்லை, இரண்டு அணியும் இல்லை. "இழுக்கிறார்கள்" என்று எழுத முடியாது, "இழுக்கிறது" என்றுதான் வரும். உயர்திணை அஃறிணையானதும் பந்தியின் ஓட்டமே மாறுகிறது, அதற்கேற்ற குறுகிய வாக்கியம் இன்னும் அமையவில்லை. வாடைக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளித்துக் கரைவலை நின்றுவிடும். அதற்குள் இயந்திரம் ஓட்டுகிறவரிடம் "பிறகு?" கேட்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் எந்த மைக்கும் எடுபடாது என்பதால், அவர் இயந்திரத்தை நிறுத்திக் கயிற்றைச் சரிபார்க்க இறங்கும் இடைவெளியில் எடுப்பதாகத் திட்டம். தலைப்பு அதற்குப் பிறகு.