வழக்கே இல்லாத கட்சிக்காரர்

பதினான்கு வருடமாகக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சிவில் வழக்கு பார்க்கிறேன். செட்டிநாட்டில் சிவில் வக்கீல் என்றால் பாதிக்கு மேல் பாகப்பிரிவினைதான். ஒரு வீட்டுக்குப் பதினெட்டுப் பங்காளி இருப்பார்கள், அதில் ஏழு பேர் வெளிநாடு. எல்லாருக்கும் நோட்டீஸ் போய்ச் சேரவே இரண்டு வருடம் ஓடிவிடும். இந்த வேலைக்கு நடுவே போன ஆண்டு, தொண்டு அமைப்புகளுக்குக் கட்டணம் வாங்காமல் சட்ட உதவி செய்வதற்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சேரலாமா என்று யோசிக்கிற நம் பக்கத்து வக்கீல்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஓலைக்கொட்டான் முடையும் பெண்கள் சிலர் சங்கமாகப் பதிவு செய்திருந்தார்கள். வாங்கிய சரக்குக்கு வியாபாரி பணம் தரவில்லை என்று என்னிடம் வந்தார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறதே, அங்கே போங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அன்று ராத்திரி 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் என்று பட்டியல் போகிறது. எல்லாம் தனி ஆள்கள். அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் இலவச வக்கீல் உண்டு, அவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அங்கே இடமில்லை. இலவசமாக வழக்காட முன்வரும் வக்கீல்களைத் தேவைப்படுபவர்களோடு இணைக்க மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நியாய பந்து திட்டமும் இதே பட்டியலை வைத்துத்தான் ஆளைச் சேர்க்கிறது. இயலாதவர்களுக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று பார் கவுன்சில் விதி 46 சொல்கிறது. அதை நான் வக்காலத்து போட்டு வழக்காடுவது என்று மட்டுமே புரிந்துவைத்திருந்தேன்.

நான்கு சனிக்கிழமை வகுப்பு. காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் (முன்பக்கக் கூடத்தில்) பன்னிரண்டு வக்கீல்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் வழக்காடும் மூத்த வழக்கறிஞர் ஒருவர் நடத்தினார். முதல் நாள் சட்டப் புத்தகத்தைத் தொடவே இல்லை. பெயர்களை மறைத்த ஒரு சங்கத்தின் மினிட் புக் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு) நகலைக் கையில் கொடுத்து, "படிச்சுட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். ஐந்து வருடத்துக் கூட்டங்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதில் ஒரு கூட்டத்துக்கு, மூன்று மாதம் முன்பே இறந்துபோன பொருளாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. தீர்மானங்களைப் படித்தோமே தவிர, நான்கு பக்கம் முன்னால் இருந்த இரங்கல் தீர்மானத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் சட்டம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு பதிவாளருக்குப் போக வேண்டும். நிர்வாகக் குழு மாறினால் படிவம் 7. துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் இருபத்தொரு நாள் அறிவிப்பு, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. நாங்கள் எல்லாரும் சட்டக் கல்லூரியில் தாண்டிப் போன பக்கங்கள் இவை. ஆனால் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் எதிராளி வழக்குப் போட்டு விழுவதில்லை, இந்தத் தாள்கள் போகாமல்தான் விழுகின்றன.

இரண்டாம் வாரம் ஒரு ஆடிட்டர் வந்தார். வருமான வரி விலக்குக்கான 12ஏ சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அலுவலகங்களைப் பற்றிச் சொன்னார். ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த காலம் 2021 ஏப்ரலோடு போய்விட்டது. பழைய பதிவுகள் அத்தனையும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தவறவிட்டவர்களில் பலருக்கு இன்னும் அது தெரியாது.

வெளிநாட்டுப் பணம் பற்றி அவர் சொன்னதுதான் நம் ஊருக்கு நேராகப் பொருந்துகிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் பத்தாயிரம் அனுப்பினால் ஆகும். அவர் நம் ஊர்க் கோயிலில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கட்டும் வரி) கட்டுபவராக இருந்தாலும் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், அதற்கும் முன்னால் மத்திய அரசின் பதிவோ அனுமதியோ இருக்க வேண்டும். மலேயா, பர்மா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டிப் போய் ஊருக்குச் செய்தே பழகிய மண் இது. பாசத்தில் போட்ட பணம் ஒரு சின்ன பள்ளிக்கூடத்தைச் சிக்கலில் மாட்டிவிடும் என்று யார் நினைப்பார்கள்?

மூன்றாம் வாரம் ஒப்புதல் கடிதம் எழுதப் பழகினோம். எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன், எவ்வளவு காலம் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். காசு வாங்கவில்லை என்பதால் தவணையைத் தள்ளிப்போடும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதை சார் திரும்பத் திரும்பச் சொன்னார். நலன் முரண் பார்ப்பதும் அன்றைக்குத்தான். எனக்கு முதலில் ஒதுக்கியது ஓர் ஊருணிப் பாதுகாப்புச் சங்கம். கோப்பைப் பிரித்தால், கரை ஓரத்து நிலத்துக்காரர் ஒருவருக்கு நான் ஏற்கெனவே வக்காலத்து போட்டிருக்கிறேன். சிறிய ஊரில் இது வராமல் இருக்காது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு வந்தது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளி. இருபத்தாறு பிள்ளைகள். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஒன்பது வருடமாக நடக்கிறது. ஆச்சி ஒருவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனம் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடக்கக் கூடாது. அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கட்டடத்துக்கு என்ன பத்திரம் என்று கேட்டிருக்கிறார்கள். பத்திரம் எதுவும் இல்லை. அதே வாரத்தில் சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவர், வீட்டை விற்கலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். பள்ளியின் டீச்சர் அழுதுகொண்டே என்னிடம் வந்தார்.

என் மனசு உடனே கோர்ட்டுக்குப் போய்விட்டது. பள்ளி சொந்தச் செலவில் சாய்தளமும் இரண்டு கழிப்பறையும் கட்டியிருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைகள் சட்டம் 60ஆம் பிரிவின்படி, அனுமதியை நம்பி நிரந்தரமான கட்டுமானம் செய்தவரிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று வாதாடலாம். இடைக்காலத் தடைக்கு மனுவே பாதி எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு நான்காம் வாரம் வகுப்புக்குப் போனேன். சார் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "இதுல எதிர்மனுதாரர் யாரும்மா?"

பதினொரு பங்காளிகள் பெயர் எழுதியிருந்தேன். முதல் பெயரே அந்த ஆச்சிதான். ஒன்பது வருடமாகக் காலையில் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தனுப்புபவர்.

மனுவை மடித்து வைத்துவிட்டு டீச்சரிடம் திரும்பப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதல் முறையாகக் கேட்டேன். வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. "அடுத்த ஜூன்ல பிள்ளைங்க இங்கயே வரணும் மேடம். இடம் மாறினா அதுகளுக்குத் தாங்காது" என்றார். அந்த ஜூனுக்கு என்ன தாள் வேண்டும் என்று யோசித்தபோது வேலை தெளிவாகிவிட்டது. பொதுவில் இருக்கும் வீட்டை ஒரு பங்காளி மட்டும் முழுதாகக் கொடுக்க முடியாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்தால்தான் செல்லும். ஆக, பதினொரு பேரும் கையெழுத்துப் போட்ட, பதிவு செய்த ஐந்து வருடக் குத்தகைப் பத்திரம்.

ஆச்சி வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "நான் குடுத்தாப் பத்தாதா வக்கீலம்மா?" என்று கேட்டார். பத்தாது ஆச்சி என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தவர், "வைகாசியில படைப்பு இருக்கு. பங்காளிக அம்புட்டுப் பேரும் வருவாக. அன்னைக்கு வாங்க" என்றார்.

குடும்பமே கூடி முன்னோரை நினைத்துப் படைத்துக் கும்பிடும் படைப்பு அன்று போனேன். சாமி கும்பிட்டு, சாப்பாடு முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு எல்லாரும் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பேசவில்லை, ஒரு பையனை மட்டும் அழைத்து வந்திருந்தார். பதிவு செய்த குத்தகை இருந்தால் சொத்து பள்ளிக்குப் போய்விடாது, காலம் முடிந்தால் திரும்ப வரும், வாய்வார்த்தையாக விட்டால்தான் இருவருக்கும் ஆபத்து என்று நான் விளக்கினேன். விற்கலாம் என்று எழுதிய அந்தச் சென்னைக்காரருக்குப் பயம் அதில்தான் இருந்திருக்கிறது. கேட்டதும் அவரே முதலில் சரி என்றார்.

வந்திருந்த ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். மீதி நான்கு பேர் வெளிநாடு. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் வர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மூன்று பவர் வந்துவிட்டது. பினாங்கிலிருந்து ஒன்று பாக்கி. நடுவில் பள்ளிச் சங்கத்தின் மினிட் புக்கையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடக் கணக்கு பதிவாளருக்குப் போகவில்லை. ஆடிட்டரும் நானுமாகச் சேர்ந்து அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

வரைவுப் பத்திரத்தை ஆச்சிக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இப்போது அது ஒன்பதாவது ஷரத்தாக இருக்கிறது: படைப்பு நடக்கும் இரண்டு நாளும் பின்கட்டைக் குடும்பத்தார் பயன்படுத்திக்கொள்ளலாம், அந்நாட்களில் பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வீட்டில்.