புகைப்படங்களை ஒழுங்குபடுத்த மென்பொருள் தேடல்: இதுவரை வந்த தூரம்

பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, போன்களில் இருந்து இறக்கியவை, ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தவை, உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை என எல்லாப் படங்களும் இப்போதுதான் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் சேர்ந்திருக்கின்றன. பேக்கப்பும் எடுத்தாயிற்று. அடுத்து, இவற்றை அடுக்கி வைக்க ஒரு மென்பொருள்.

வசதிகளை வரிசைப்படுத்தி ஒப்பிடவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: உட்கார்ந்து எழுதும் பெயர்களும் குறிப்புகளும் எங்கே போய்ச் சேருகின்றன? படங்களை அடுக்கும் மென்பொருளான பிகாசாவை கூகுள் 2016-இல் நிறுத்தியது. அதே வகையைச் சேர்ந்த ஆப்பிள் அபெர்ச்சர் விற்பனை 2015-இல் நின்றது. இவற்றை நம்பி வருடக்கணக்கில் படங்களை அடுக்கியவர்கள் ஏராளம். நான் எழுதும் பெயர்கள் படத்தின் கோப்போடு இருந்தால், எந்த மென்பொருள் நின்றாலும் கவலையில்லை.

இதைச் சோதிக்க, படங்களில் கொஞ்சத்தை நகலெடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தேன். ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரே குடும்பப் படத்தைத் திறந்து, முகங்களுக்குப் பெயர் கொடுத்து, தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன். பிறகு அதே கோப்பை எக்ஸிஃப்டூல் கொண்டு படித்துப் பார்த்தேன். படத்துக்குள் என்னென்ன தகவல் பதிந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் காட்டும் இலவசக் கருவி அது. ஒரு மென்பொருளில் திரையில் பெயர்கள் அழகாகத் தெரிந்தன. கோப்பில் ஒன்றுமே இல்லை. எல்லாம் அதன் சொந்த டேட்டாபேஸில் மட்டும் இருந்தது. அதை அத்தோடு விட்டுவிட்டேன். அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளிலும் மாற்றங்கள் முதலில் கேட்டலாக் எனும் அதன் டேட்டாபேஸில்தான் சேரும். எக்ஸ்எம்பியில் (படத்தின் தகவல்களைக் கோப்போடு சேர்த்து வைக்கும் முறை) தானாக எழுதும் வசதி உண்டு, ஆனால் அதை நாமே இயக்க வேண்டும்.

தமிழில் குறிச்சொல் (படத்தைப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க இணைக்கும் சொல்) எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. படத்துக்குள் தகவல் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். ‘தாத்தாவின் எழுபதாவது பிறந்தநாள்’ என்று எழுதினால் 89 பைட் ஆகிறது. அந்த வரம்புக்குள் அடங்காது. எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே எக்ஸ்எம்பியில் ஒழுங்காக எழுதும் மென்பொருள்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் டிஜிகாமைத் தேர்ந்தெடுத்தேன். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரையே ஆல்பமாகக் காட்டுகிறது. முகங்களைத் தேடும் வேலை நம் கணினியிலேயே நடக்கிறது. படங்களை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. குழந்தைகளின் படங்கள் இருப்பதால் எனக்கு இது பெரிய நிம்மதி. அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்கள்) பகுதிக்குப் போய், முகப் பெயர், குறிச்சொல், தேதி எல்லாவற்றையும் கோப்பில் எழுதச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை இது. டிஜிகாமின் டேட்டாபேஸை மட்டும் கணினியின் எஸ்எஸ்டியில் வையுங்கள். நெட்வொர்க் டிரைவ் அதற்குச் சரிவராது. டார்க்டேபிளும் நல்ல நிரல்தான், ஆனால் அதன் பலம் ரா படங்களை (கேமரா பதப்படுத்தாமல் பதிவு செய்பவை) திருத்துவதில்.

தேதிகளில்தான் அதிக நேரம் போகிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படங்களில் எடுத்த தேதி இருப்பதில்லை, ஆனால் கோப்பின் பெயரில் 20190412 என்பது போல ஒரு தேதி இருக்கும். அது நமக்கு வந்து சேர்ந்த நாள் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். டிஜிகாமின் நேரம் திருத்தும் கருவி கோப்புப் பெயரிலிருந்தே தேதியை எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபோல்டர் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றிவிட்டேன்.

ஸ்கேன் படங்கள் அவ்வளவு சுலபமில்லை. அவற்றில் இருப்பது ஸ்கேன் செய்த நாள். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று போட்டு, ‘தேதி தோராயம்’ என்று ஒரு குறிச்சொல்லும் சேர்க்கிறேன். படத்தின் பின்பக்கம் எழுதியிருந்ததை அப்படியே குறிப்பில் தட்டச்சு செய்கிறேன். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்துவதில்லை.

கேமரா படங்களுக்குப் பெயரிட்டு முடித்தாயிற்று. பழைய ஆல்பத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை அத்தைக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும். அடுத்த முறை அவர் வரும்போது லேப்டாப்பை வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து எழுதப் போகிறேன்.