பிளஸ் ஒன் படிவத்திலேயே முடிவான என் டிகிரி

நாகப்பட்டினத்தில் பி.டெக் மீன்வளப் பொறியியல் உறுதியாகி மூன்று நாள் ஆகிறது. கணிதம் 84, இயற்பியல் 86, வேதியியல் 89, கட்-ஆஃப் 171.5. நிம்மதிதான். ஆனால் நான் ஆசைப்பட்டது மீன்வள அறிவியல், தூத்துக்குடியில். அதற்கு விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. பிளஸ் டூவில் எனக்கு உயிரியல் கிடையாது.

பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் பாடப்பிரிவுக்கான குரூப் படிவம் நிரப்பிய பத்து நிமிடத்தில் நடந்த தவறு அது. வரிசையில் முன்னால் நின்ற மூன்று தோழிகளும் கம்ப்யூட்டர்-மேத்ஸ் எழுதினார்கள், நானும் எழுதினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா மகன் "அதுலதான் ஸ்கோப்" என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் வெளியே சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. குளச்சல் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு நர்ஸ். குவைத், சவுதி என்று போனவர்கள். சித்தி அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டில் மாடி எழும்பியது. அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு நர்சிங் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிரியல் எடுக்காமல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நர்சிங்கோடு சேர்ந்து மீன்வள அறிவியல் கதவும் அடைபட்டது.

அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஏலக்கூடையில் சாளை, நெத்தோலி, வாளை என்று பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு வருடம் குவியும் சாளை அடுத்த வருடம் எங்கே போகிறது என்று கேட்டால், "கடலம்மைக்குத்தான் தெரியும் மக்கா" என்பார். அதைப் படிக்கவே ஒரு டிகிரி இருப்பது பிளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நான் செய்த ஒரு வேலையை எல்லாரும் செய்ய வேண்டும். ஒரு நோட்டில் மனதில் இருக்கும் படிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை முதலில் சொன்னது யார் என்று எழுதுங்கள். என் பட்டியலில் ஒன்பது. ஏழு உறவினர்கள் சொன்னது, ஒன்று டியூஷன் சார். நானாகத் தேடியது ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சே தொடங்கியது.

மற்றவை:

- குரூப் எழுதும் முன் குறைந்தது ஐந்து டிகிரிகளின் தகுதிப் பாடங்களைப் பாருங்கள். குழப்பமாக இருந்தால் உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பயோ-மேத்ஸ். பாரம் அதிகம்தான், ஆனால் இரண்டு பக்கமும் வழி இருக்கும்.
- மீன்வளப் பல்கலைக்கழக விண்ணப்பம் பொறியியல் விண்ணப்பத்தோடு சேராது. பொறியியல் கலந்தாய்வில் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.
- தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் என்னைப் போல உதவிபெறும் பள்ளியில் படிக்கிறோம். நமக்கு அது இல்லை. அதை நம்பி சாய்ஸ் போடாதீர்கள்.
- அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. கட்டணக் கணக்கை முதலிலேயே வீட்டில் பேசுங்கள்.
- "ஸ்கோப்" என்று சொல்பவரிடம் அந்தப் படிப்பின் மூன்றாம் செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று கேளுங்கள்.

தங்கை இந்த வருடம் பத்தாம் வகுப்பு. நேற்று அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் வரியில் நர்சிங், பக்கத்தில் சித்தி பெயர். இரண்டாவது வரியை இன்னும் எழுதவில்லை.