மூன்று படைகள், ஒரு ‘கப்டன்’: எட்டு மாத மொழிபெயர்ப்பு அனுபவம்

நான் வெள்ளவத்தையில் இருபது ஆண்டுகளாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு, நீதிமன்றக் கட்டளை ஆகியவையே என் மேசைக்கு வழக்கமாக வருபவை. ஒரு கல்வி வெளியீட்டு நிறுவனம் இருநூறு பக்கக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு கேட்டபோது, மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தம்மிடம் சேர்பவர்களை எவ்வாறு பயிற்றுகின்றன, எந்த மரபுகளை எதற்காகப் பேணுகின்றன என்பதை ஒப்பிட்டுக் காட்டும் நூல் அது. பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் இருந்தது. வேலை முடிய எட்டு மாதங்கள் ஆயின. இத்தகைய வேலையை ஏற்க எண்ணுபவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த எட்டு மாதங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சீருடையைப் பற்றிய பேச்சு எங்கள் வீடுகளில் இலேசான பேச்சன்று. காலி வீதியின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். ஆகவே உறவினர் சிலர் இந்த வேலை உனக்கு எதற்கு என்று கேட்டார்கள். ஒரு நாட்டின் படைகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதைத் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளையும் தன் மொழியிலேயே பிழையின்றி வாசித்தறிய வேண்டும் என்று நான் உறுதியாக நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் சொற்பட்டியலிலேயே கழிந்தன. அரசகரும ஆவணங்களில் புழங்கும் சொற்களைத் திரட்டினேன். கொழும்பு பொது நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டி, 1950களில் நம்மவர்கள் இப்படைகளைப் பற்றி எப்படி எழுதினார்கள் என்று பார்த்தேன். 1949இல் இராணுவமும், 1950இல் கடற்படையும், 1951இல் விமானப்படையும் அமைந்தபோது மூன்றுமே பிரித்தானிய அச்சில் வார்க்கப்பட்டவை. அதிகாரிகளாகத் தெரிவானவர்கள் சாண்ட்ஹேர்ஸ்ட், டார்ட்மத், கிரான்வெல் ஆகிய இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே சொற்களும் வழக்கங்களும் அங்கிருந்தே வந்தன. 1955இல் இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியான அன்ரன் முத்துக்குமாருவும், 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழர்கள். ஆனாலும் அவர்கள் காலத்துப் படைச்சொற்களுக்குத் தமிழில் நிலையான வடிவம் உண்டாகவில்லை. இந்தக் குறைதான் என்னைப் பிழைக்குள் தள்ளியது.

பதவிநிலைகளை ஒப்பிடும் அட்டவணை ஒன்று நூலில் இருந்தது. மூலத்தில் அது தெளிவற்ற ஒளிப்படப் பிரதியாக இருந்தபடியால், வரிகளை நானே ஒழுங்குபடுத்தினேன். இராணுவத்தில் ‘கப்டன்’ இருந்தது, கடற்படையிலும் ‘கப்டன்’ இருந்தது. இரண்டையும் ஒரே வரியில் வைத்தேன். விமானப்படைக்கு அந்த வரியில் எதை வைப்பது என்று தெரியாமல் ‘குறூப் கப்டன்’ என்று நிரப்பினேன். நிறுவனத்தில் மீளாய்வு செய்தவரும் அதை ஏற்றுக்கொண்டு அச்சுப்படி எடுத்துவிட்டார்.

பிழையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் பெரியவர். கதிர்காமர் தளபதியாக இருந்த காலத்தின் இறுதியில் கடற்படையில் சேர்ந்து, சமிக்ஞைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அச்சுப்படியைக் கொடுத்து ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியில் விரலை வைத்தார்.

“பிள்ளை, இது பிழை. கடற்படையில கப்டன் எண்டால் இராணுவத்தில கேணலுக்குச் சமம். நீங்கள் அந்த மனிசனை மூண்டு படி கீழ இறக்கிப் போட்டீங்கள்.”

“ஐயா, பெயர் ஒண்டுதானே?”

“பெயர் ஒண்டு. ஆனால் ஆள் வேறை.”

பின்பு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தோள்பட்டிகளை வரைந்து காட்டினார். கடற்படை லெப்டினனுக்கு இரண்டு பொன்னிறப் பட்டிகள்; லெப்டினன் கொமாண்டருக்கு அவ்விரண்டின் நடுவே மெல்லியதொரு பட்டி; கொமாண்டருக்கு மூன்று; கப்டனுக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் மேற்பட்டி மட்டும் நேராக ஓடாமல் நடுவில் ஒரு வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்தை அவர் நான்கு முறையும் ஒரே அளவில், கை நடுங்காமல் வரைந்தார். இராணுவக் கப்டனுக்கு மூன்று நட்சத்திரங்கள். அவருக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன், விமானப்படையில் ஃபிளைட் லெப்டினன். நான் தவறான வரியில் அமர்த்திய குறூப் கப்டன் உண்மையில் கேணலுக்குச் சமமானவர். கப்பலின் தலைவனைக் கப்டன் என்றழைப்பது கடல்வழக்கு. நூறு பேர் அளவிலான ஒரு பிரிவின் தலைவனை அப்படி அழைப்பது தரைவழக்கு. இரண்டும் தனித்தனியே வளர்ந்து நம்மிடம் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்தவை.

அச்சுப்படி முடிந்துவிட்டது, இனி மாற்றுவது செலவு என்று நிறுவனம் சொன்னது. நான் அந்தப் பக்கத்துக்கான கட்டணத்தை விட்டுக்கொடுத்து, மூன்று கடிதங்கள் எழுதி, கடைசியில் மாற்றுவித்தேன். பாடநூலில் ஒரு தடவை ஏறிய பிழை பரீட்சை விடைத்தாளில் பத்து ஆண்டுகளுக்கு வாழும். அதை அறிந்தும் பேசாமல் இருப்பது என்னால் இயலாத காரியம். இராணுவக் கப்டன், கடற்படைக் கப்டன் என்று படையின் பெயரைச் சேர்த்தே ஒவ்வோரிடத்திலும் எழுதுவது என்று அன்று முடிவு செய்தேன்.

அதன்பின் நூல் முழுவதையும் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. ‘வோச்’ என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் ‘காவல்’ என்று ஆக்கியிருந்தேன். 1962இல் அமைக்கப்பட்ட கெமுனு வோச் படையணியின் பெயரில் அது காவல்தான். கப்பலிலோ அது பணிமுறை. ஒரு நாளை நான்கு மணித்தியாலப் பகுதிகளாகப் பிரித்து, மாறி மாறிக் கப்பலைச் செலுத்தும் ஏற்பாடு அது. பெரியவர் இதை விளக்கிய மாலை எனக்கு மறக்காது. முறை தொடங்கி அரை மணித்தியாலம் ஆனால் ஒரு மணியொலி, ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு, இப்படியே ஏறி நான்கு மணித்தியால முடிவில் எட்டு மணியொலி. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டி, இரண்டிரண்டாக இணைத்து, எட்டையும் ஒலித்துக் காட்டினார்.

ஆனால் இருபத்துநான்கை நான்கால் வகுத்தால் ஆறு முறைகள் வரும். ஆறு, இரண்டாலும் மூன்றாலும் மீதியின்றி வகுபடும். இரண்டு அல்லது மூன்று குழுக்கள் மாறி மாறி வந்தால், நள்ளிரவு முறை ஒவ்வொரு நாளும் ஒரே குழுவின் தலையிலேயே விழும். ஆகவே மாலை நான்கு முதல் எட்டு வரையான முறையை இரண்டாகப் பிளந்து, ஏழு முறைகளாக்கினார்கள். ஏழு அப்படி வகுபடாததால் வேலை நாளுக்கு நாள் சுழலத் தொடங்கியது. அந்தப் பிளந்த முறைகளை ஆங்கிலக் கடல்வழக்கில் நாய்முறை என்பார்கள். நான் அரைமுறை என்று எழுதினேன். ‘யாமம்’ என்ற அழகான சொல் கைவசம் இருந்தது. எனக்கு அதில் பெரிய ஆசை. ஆனால் யாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணித்தியாலம். கப்பல் முறையோ நான்கு. ஆசையை விட்டுவிட்டு ‘முறைப்பணி’ என்று வைத்தேன்.

கடற்படையின் தரைத்தளங்களும் கப்பல்களாகவே கருதப்படுகின்றன என்பதையும் அவரிடமே முழுமையாகப் புரிந்துகொண்டேன். முகாமின் வாயிலைத் தாண்டி வெளியே போவது கரைக்குப் போவது; காலடி நிலம் மேற்றளம், அதாவது கப்பலின் மேல்தட்டு. காரைநகர்த் தளத்தின் பெயர் ‘எலார’. நம் எல்லாளனின் பெயர்தான் அது. அது கடலோரத்தில் இருப்பது பொருத்தம். ஆனால் முற்காலத்தில் தியத்தலாவை மலைமேலேயும் ‘ரங்கல்ல’ என்றொரு கடற்படைப் பயிற்சித் தளம் இருந்தது. மூடுபனிக்குள், கடலையே காணாத இடத்தில், புதிதாகச் சேர்ந்த பையன்கள் நிலத்தை மேற்றளம் என்று அழைத்துப் பழகியிருக்கிறார்கள். இதைப் பொருளற்ற சடங்கு என்று முதலில் நினைத்தேன். கடலில் கால்வைக்கும் நாளில் எதையும் புதிதாகப் பெயரிட்டுக் கற்க நேரமிராது. அதனாலேயே சொல் முன்னதாகப் பழக்கப்படுகிறது என்று இப்போது விளங்குகிறது.

இராணுவ அத்தியாயத்துக்கு உதவியவர் கொம்பனித்தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவர். 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைஃபிள் படையணியில் இருந்த மலாய் வீரர்களின் வழிவந்த குடும்பம். வீட்டில் மலாய், வெளியில் தமிழ். அவர் தம் படையணியைப் பற்றிப் பேசும்போது குடும்பப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். கடற்படையினர் கப்பல் மாறுவார்கள். காலாட்படை வீரர் பெரும்பாலும் சேர்ந்த படையணியிலேயே ஓய்வு பெறுவார். ஆகவே இராணுவத்தின் மரபுகள் படையணியைச் சுற்றியே வளர்ந்தன: சின்னம், கொடி, உணவுமண்டபம், பழைய சண்டைகளின் பெயர்கள். படைக்கொடி ஒரு காலத்தில் புகைமண்டிய களத்தில் வீரர் வந்து சேரவேண்டிய அடையாளம். பிரித்தானிய மரபில் வந்த பீரங்கிப் படைகளுக்குத் துணிக்கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி. படைக்கொடியை ஆங்கிலத்தில் ‘கலர்ஸ்’ என்பார்கள். இந்த இடத்தில் அதை ‘நிறங்கள்’ என்று எழுதியிருந்ததை, யாருடைய கண்ணிலும் படுமுன் நானே திருத்தினேன்.

“பூட்ஸ் பளபளப்புக்கு இவ்வளவு நேரம் ஏன்?” என்று அவரிடம் கேட்டேன். எழுந்து உள்ளே போய், ஒரு பழைய காலணியும் மஞ்சள் துணியும் கொண்டு வந்தார். துணியை இரண்டு விரல்களில் இறுகச் சுற்றி, கறுப்பு மெழுகைத் தொட்டு, ஒரு சொட்டு நீர் விட்டு, நுனியில் சிறுசிறு வட்டங்களாகத் தேய்த்தார். கால்மணி நேரத்தில் ஒரு நாணயத்தின் அளவு இடம் மட்டும் கண்ணாடி போலாயிற்று. “மகள், இதை அவசரப்படுத்த ஏலாது. அவசரப்படுத்தினவன் யாரெண்டு காலையில பார்த்த உடனே எனக்குத் தெரியும். அவன் துவக்கைத் துடைக்கிறதும் அப்படித்தான்” என்றார். பயிற்சிப் பகுதியில் ஏழு பக்கங்களில் சொல்லப்பட்டிருந்ததை இந்த ஒரு வாக்கியம் எனக்குத் திறந்தது.

விமானப்படைக்காக நூறாம் இலக்க பஸ்ஸில் இரத்மலானைக்குப் போய், அங்குள்ள விமானப்படை அருங்காட்சியகத்தை இரண்டு தடவை பார்த்தேன். தொடக்க காலப் பயிற்சி விமானமான சிப்மங்கின் அருகில் நெடுநேரம் நின்றேன். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. பயில்பவர் முன்னே, ஆசிரியர் பின்னே. கற்பவனுக்குத் தன் ஆசானின் முகம் தெரியாது, குரல் மட்டுமே கேட்கும். அணிநடைத் திடலில் எதிரே நின்று கத்தும் சார்ஜன்டுக்கும் இந்தக் குரலுக்கும் எவ்வளவு தூரம்! பிரித்தானிய விமானப்படை 1918இல்தான் பிறந்தது. ஸ்குவாட்ரன் லீடர், விங் கொமாண்டர் போன்ற பதவிப் பெயர்களை 1919இல்தான் வகுத்தார்கள். ஆகவே அதன் மரபு இளையது. தரையிடமிருந்தும் கடலிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. சல்யூட்டில் உள்ளங்கையை வெளியே காட்டுவது இராணுவத்தைப் போல. கடற்படையில் உள்ளங்கை கீழ்நோக்கும். தார்க்கயிறு பிடித்துக் கறுத்த கையை மறைத்த வழக்கம் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள்.

விமானப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற என் உறவுக்காரத் தம்பி ஒருவர் சொன்ன செய்தியே அந்த அத்தியாயத்தின் உயிர்நாடி என்று கருதுகிறேன். கருவிகள் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கருவியின் நிழலுருவும் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் ஒரு திருகுசாவியின் நிழல் வெறுமையாகத் தெரிந்தால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது. தொலைத்தவர் உடனே வாய்திறந்து சொல்வதுதான் அங்கே கற்பிக்கப்படும் முதல் ஒழுக்கம்.

நூலின் பின்னிணைப்பு அமெரிக்கப் படைகளைப் பற்றியது. மரைன் படைக்கு அடிப்படைப் பயிற்சி 13 வாரங்கள், இராணுவத்துக்கு 10 வாரங்கள், விமானப்படைக்கு ஏழரை வாரங்கள். மூலநூல் இந்த எண்களை வைத்தே கடுமையை வரிசைப்படுத்தியிருந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஏழரை வாரத்தில் வெளியேறுபவர் அதன்பின் தொழில்நுட்பப் பாடசாலையில் மாதக்கணக்கில் கற்கிறார். மரைன் படையிலோ, எந்தத் தொழிலைப் பின்னர் ஏற்றாலும் ஒவ்வொருவரும் முதலில் துவக்கு வீரர் என்பது கொள்கை. 54 மணித்தியால இறுதிச் சோதனையும் அந்தப் பதின்மூன்று வாரங்களுக்குள்ளேயே அடங்கும். மூலத்தில் கைவைக்க எனக்கு உரிமையில்லை என்பதால், பதிப்பாசிரியரின் ஒப்புதலோடு இரண்டு வரி அடிக்குறிப்பு சேர்த்தேன்.

இறுதிப் படியைக் கொடுக்கும் முன் மூன்றாம் தளத்துப் பெரியவரிடம் மீண்டும் காட்டினேன். அட்டவணையின் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி, சரி என்று தலையசைத்தார். பிறகு மணியொலிப் பகுதிக்குத் திரும்பி, ஒன்று குறைகிறது என்றார். டிசம்பர் 31 நள்ளிரவில் மட்டும் எட்டுக்குப் பதிலாகப் பதினாறு அடிப்பார்கள்: முதல் எட்டு போகிற ஆண்டுக்கு, கப்பலில் மூத்தவர் அடிப்பது, அடுத்த எட்டு வருகிற ஆண்டுக்கு, கப்பலில் இளையவர் அடிப்பது. சேர்ந்த முதல் ஆண்டில் அந்த இரண்டாவது எட்டை அடித்தவர் தாம்தான் என்றார். அந்தப் பக்கத்தில் மூன்று வரிக்கு மட்டுமே இடம் எஞ்சியிருந்தது. மூன்று வரியில் அதை எழுதிச் சேர்த்தேன்.