அளவெடுக்காத ஆடை

சல்லடம் என்னும் அரைக்கால்சட்டைக்கு என் அப்பா ஒருநாளும் அளவெடுத்ததில்லை. அப்போதெல்லாம் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் இரவு வெகுநேரம் ஓடும். அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுபவர்கள் வந்து சல்லடமும் உருமால் தலைப்பாகையும் வாங்கிப் போவார்கள். வந்தவர் ஒல்லியா, தடிமனா என்று அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "நாடாவை இழுத்துக் கட்டிக்கங்கண்ணே" என்பதோடு சரி. அதே அப்பா, ரவிக்கையில் கால் அங்குலம் பிசகினால் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைப்பார். ஆடை வடிவமைப்பை என் தொழிலாகக் கொண்டு இத்தனை ஆண்டுகளான பிறகும், இந்த இரண்டு தையல்களுக்கும் நடுவில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ரவிக்கையின் அழகு உடம்போடு பொருந்துவதில் இருக்கிறது. சல்லடத்தின் அழகு எங்கே இருக்கிறது? அதைக் கட்டியவுடன், பக்கத்துத் தெருவில் காய்கறி விற்பவர் அவராக இருப்பதில்லை. உடை அவருக்கு வேறோர் உடம்பைக் கொடுத்துவிடுகிறது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் மதுரைக்காரர் அல்லர், ஜப்பானைச் சேர்ந்த ரெய் கவகுபோ. 1942-இல் தோக்கியோவில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் படித்து, தையலை முறையாகக் கற்காமலேயே 1969-இல் 'கோம் தே கார்சோன்' என்ற பெயரில் ஆடைகள் செய்யத் தொடங்கியவர் அவர். 1981-இல் முதன்முதலாகப் பாரிசில் காட்சி வைத்தார். அடுத்த ஆண்டு அவர் காட்டிய கறுப்புக் கம்பளிச் சட்டையில் ஆங்காங்கே பெரிய ஓட்டைகள் இருந்தன. பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்திவிட்டு, வேண்டுமென்றே உண்டாக்கிய ஓட்டைகள் அவை. 1997 வசந்தகாலத்துக்காக அவர் உருவாக்கிய தொகுப்பு இன்னும் துணிச்சலானது. இழுபடும் கட்டம்போட்ட துணியில் தைத்த உடைகளுக்குள், முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் இறகு அடைத்த திண்டுகளைச் செருகி, பெண்ணுடம்பு எங்கே மெலிந்திருக்க வேண்டும் என்று உலகம் விதித்திருந்ததோ அங்கேயெல்லாம் புடைக்கவைத்தார். புடைப்புகளும் கட்டிகளும் என்று பலர் கேலி பேசினார்கள். அதே ஆண்டில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழு அதே வகை உடைகளை அணிந்து மேடையில் ஆடியது.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. கோயில்தான் நினைவுக்கு வந்தது. உற்சவ மூர்த்தியின் அலங்காரத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். செப்புத் திருமேனி சிறியது. அதன்மேல் பட்டுத் துணியை மடித்து, கொசுவி, கயிற்றால் இறுக்கி, விசிறிபோல விரித்து, அந்தச் சிறிய உருவத்தைப் போல் இரு மடங்கு அகலமுள்ள ஓர் உருவத்தை எழுப்புகிறார்கள். கத்தரியும் இல்லை, ஊசியும் இல்லை. அங்கே உடம்பு துணிக்கு அளவு கொடுப்பதில்லை. துணிதான் உடம்பைச் செய்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில், இந்த ஆண்டு என்ன நிறத்துப் பட்டு என்று வைகைக்கரையே எட்டிப் பார்க்கிறது. பச்சை என்றால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. ஓர் உடையின் நிறத்தை இத்தனை பேர் கூடிநின்று வாசிக்கும் ஊரில், வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "ஃபிட்டிங் நல்லா இருக்குமா?" என்ற ஒரே கேள்வியைத்தான்.

நானும் ஒருமுறை முயன்றேன். கையால் முடிச்சுப்போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில், இடது தோளில் மட்டும் பஞ்சு அடைத்து ஒரு மேலாடை தைத்தேன். முடிச்சவிழ்த்த சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் அம்மைக் கொப்புளத்தைப்போல மேலெழுந்து நிற்கும்; எனக்கு வேண்டியது அந்தச் சொரசொரப்புதான். இஸ்திரிக்குக் கொடுத்தேன், தேய்ப்பவர் மிகுந்த அக்கறையோடு அத்தனை புள்ளிகளையும் தட்டையாக்கித் திருப்பித் தந்தார். அதற்கும் மேலாக அத்தை, "தோள்ல என்னத்தா வீக்கம், டாக்டர்ட்ட காமிச்சியா?" என்று கேட்டார். உடை தோற்றுப்போனது என் தவறுதான். புடைப்புக்கு ஒரு காரணம் வேண்டும். நான் கவகுபோவைப் பார்த்து ஒட்டவைத்திருந்தேன், அவ்வளவே.

இதுவரை இல்லாத ஒன்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேட வேண்டும் என்பது அவர் பிடிவாதமாகச் சொல்லிவரும் கொள்கை. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிதானாலும், இதை நான் முழுவதும் ஏற்கவில்லை. திருகைத் தளர்த்துவதற்குக்கூட, எந்தத் திருகைத் தளர்த்தினால் எந்தக் கண்ணி நழுவும் என்று தெரிந்த ஒருவர் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கவகுபோ ஒருமுறை தன் வடிவவெட்டுக் கலைஞர்களிடம் கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து, இந்தத் தன்மையில் ஒரு வெட்டு வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டது அவர், கசங்கலைத் துணியில் கொண்டுவர வேண்டியிருந்தவர்களோ, நேரான வெட்டை ஆயிரம் முறை வெட்டிய கைக்காரர்கள்.

போன வாரம் நானும் ஒரு காகிதத்தைக் கசக்கி, அப்பாவோடு புதுமண்டபத்தில் இருந்த கட்டிங் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காகிதத்தை மேசைமேல் வைத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது சட்டையா, ரவிக்கையா பாப்பா?"

"ரெண்டும் இல்ல மாமா. இது எப்படி நிக்குதோ, அப்படித் துணி நிக்கணும்."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கஞ்சி போட்ட காடாத் துணியில் ஒரு முழம் கிழித்து, அதைக் குறுக்குவாட்டில் பிடித்து, காகிதத்தின் ஒரு மடிப்பைப் பார்த்து விரலால் ஒரு மடிப்பை அழுத்தினார். அது நின்றது. இரண்டாவது மடிப்பு சரிந்தது. குண்டூசியைப் பல்லில் கடித்தபடி துணியைச் சற்றே திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அதை அவர் தொடவே இல்லை.

மூன்றாவது மடிப்பும் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். "எல்லாம் சரி பாப்பா, இதுக்குக் கூலியை எப்படிப் போடுறது?"