பின்னாலிருந்து எழுதும் பாடத்திட்டம்

அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டத்தை இன்று மூன்றாவது முறையாகக் கிழித்துப் போட்டேன். பல ஆண்டுகளாக நான் செய்துவந்தது இதுதான்: பாடநூலின் பொருளடக்கத்தை எடுத்து, 15 வாரங்களுக்குப் பங்கு போட்டு, அதற்குப் பாடத்திட்டம் என்று பெயர் வைத்துவிடுவது.

இப்போது கடைசி வாரத்திலிருந்து தொடங்குகிறேன். பருவம் முடியும்போது மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? எந்தத் தேர்வில், எந்தக் கட்டுரையில் அது வெளிப்படும்? இவை முடிவான பிறகே வாராந்தர அட்டவணை. நோக்கங்களிலிருந்து "புரிந்துகொள்வார்" என்ற சொல்லைத் துரத்திவிட்டேன். புரிந்ததை எதைக் கொண்டு அளப்பது? "ஒப்பிடுவார்", "கணக்கிடுவார்" என்று எழுதினால் வினாத்தாளே பாதி தயாராகிவிடுகிறது. 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் குழு வெளியிட்ட கற்றல் நோக்க வகைப்பாடு 2001-இல் திருத்தப்பட்டபோது, பெயர்ச்சொற்களாக இருந்த படிநிலைகள் வினைச்சொற்களாயின. (அதில் "புரிந்துகொள்" என்பதும் ஒரு படி. இருக்கட்டும், என் பிடிவாதம் எனக்கு.)

மதிப்பெண் பங்கீட்டில்தான் ஆசிரியரின் உண்மை முகம் தெரியும். "சிந்தனைக்கே முதலிடம்" என்று முதல் பக்கத்தில் முழங்கிவிட்டு, 70 விழுக்காட்டை மனப்பாடத் தேர்வுக்கு ஒதுக்கினால் மாணவர் எதை நம்புவார்?

தாமதமாக வரும் ஒப்படைப்புக்கு என்ன விதி என்பதையும் இம்முறை நாள் கணக்கோடு எழுதியிருக்கிறேன். சென்ற பருவத்தில் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. என்ன நடவடிக்கை என்று ஒரு மாணவி எழுந்து கேட்டார். எனக்கே தெரியவில்லை.